சுருக்கொப்பம்

சேலம் மாவட்டத்தில் மேச்சேரி, ஜலகண்டாபுரம் பக்கத்து வீடுகளில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர்களின் சான்றிதழ்கள் நகையோடு சேர்ந்து பீரோவின் உள்ளறையில் இருக்கும். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பயிற்சிப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், முதல் நியமன உத்தரவு. மடிப்பில் கிழிந்த இடத்தில் ஒட்டிய டேப்பும் பழுத்து மஞ்சளாகியிருக்கும். பயிற்சிப் பள்ளித் தாளை விரித்தால் முதல்வரின் கையெழுத்து நீண்டு சாய்ந்து நிற்கும். அதை உரசிக்கொண்டு ஊதா வட்ட முத்திரை. இடதுபுறம் கீழே, வேறு மையில், கடுகளவில் ஒன்றிரண்டு எழுத்துகள். எழுதியவரும் சரிபார்த்தவரும் போட்ட சுருக்கொப்பம். முதல்வர் எந்த ஊர், எப்படிப் புடவை கட்டுவார், மாதிரி வகுப்பில் யாரை அழவைத்தார் என்று அந்த ஆசிரியைகள் ஒரு பொழுது முழுக்கப் பேசுவார்கள். சுருக்கொப்பக்காரரைப் பற்றிக் கேட்டால், ‘ஆபீஸ்ல ஒரு அம்மா இருந்தாங்க’ என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

இதில் உறுத்துவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எந்த அலுவலகத்தின் எழுத்தரை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? ஆண் குமாஸ்தாக்களும்தான் மறக்கப்பட்டார்கள். ஆனால் அவர்கள் மறக்கப்பட்ட விதம் வேறு. குடையும் டிபன் பாக்ஸுமாகத் தமிழ்ச் சிறுகதையில் குமாஸ்தா போதுமான அளவு நடந்திருக்கிறார். அவருடைய கடன், சீக்கான மனைவி, மேலதிகாரியின் ஏச்சு எல்லாம் பதிவாகியிருக்கின்றன. 1941இல் டி.கே.எஸ். சகோதரர்கள் எடுத்த படத்தின் பெயரே ‘குமாஸ்தாவின் பெண்’. மேசை அப்பாவுக்கு; கதைத் துயரம் மகளுக்கு. மகளே அந்த மேசையில் உட்கார்ந்து குடும்பத்தைச் சுமப்பதைப் பெரும் கூட்டம் திரையில் பார்க்க 1974இல் ‘அவள் ஒரு தொடர்கதை’ வரவேண்டியிருந்தது. அதிலும் அலுவலகம் அவள் பஸ் ஏறிப் போய்வரும் ஓர் இடம். வீட்டில்தான் கதை.

ஆசிரியைக்கு இந்தக் குறை இல்லை. ‘டீச்சரம்மா’வுக்குத் தமிழ்நாட்டுக் கிராமம் சீக்கிரமே ஓர் இடம் ஒதுக்கிவிட்டது. திண்ணையில் பாய் விரித்து உட்காரவைப்பார்கள். மொச்சைக்கொட்டையும் நிலக்கடலையும் காய்த்தால் முதல் படி அவர் வீட்டுக்குப் போகும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது தாய்மையின் நீட்சி என்று ஊரிடமும் அவளிடமும் சொல்லிச் சமாதானப்படுத்த முடிந்தது. அலுவலக வேலைக்கு அந்தச் சமாதானம் கிடையாது. அங்கே பெண் ஆண்களின் சம்பளம் அறிகிறாள். கூட்டல் தப்பு என்று திருப்பி அனுப்புகிறாள். ‘இதில் தேதி இல்லை, நாளைக்கு வாங்க’ என்கிறாள். தாய்மையின் எந்தச் சாயலும் ஏறாத வேலை அது. அதனால்தான், பெண்களுக்கென்றே நடந்த பயிற்சிப் பள்ளியில்கூட, கணக்கு மேசையில் ஓர் ஆண் குமாஸ்தா உட்கார்ந்திருப்பது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

இந்த இடத்தில் சகோதரி சுப்புலட்சுமியை நினைக்காமல் நகர முடியாது. 1886இல் மயிலாப்பூரில் பிறந்து, சிறுமியாகவே விதவையாகி, 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறியவர். இளம் விதவைகளைப் படிக்கவைத்து ஆசிரியைகளாக்குவது என்று எழும்பூரில் நாலு பெண்களோடு தொடங்கிய வேலை, பிறகு திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் விடுதியாக வளர்ந்தது. 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது. இவ்வளவும் பள்ளிப் பாடத்தில் ஒரு பத்தியாக வரும்: சீர்திருத்தவாதி, கல்வியாளர், தாயுள்ளம். அந்தப் பத்தியில் வராதது அவருடைய பகல்பொழுது. விடுதிக்கு அரிசி வாங்குவது, மானியத்துக்கு எழுதுவது, எழுதிய கடிதத்துக்கு நினைவூட்டு எழுதுவது, உதவித்தொகைப் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனதற்கு விளக்கம் எழுதுவது, மகளை அனுப்பத் தயங்கும் தகப்பனுக்குப் பதில் எழுதுவது. அவர் அரசு ஊழியர். எதைச் சொல்லலாம், எந்தக் கூட்டத்துக்குப் போகலாம் என்பதற்கெல்லாம் வரம்பு இருந்தது. விடுதியின் உள்நிர்வாகத்தைத் தாங்கியவர் அவருடைய சித்தி வாலாம்பாள், அவரும் விதவை. அடுப்பு, எண்ணெய், நோய், மடி ஆசாரம், புதிதாக வந்த பெண்ணின் அழுகை எல்லாம் அவர் பொறுப்பு. வார்டன், மேட்ரன், பண்டகக் காப்பாளர், கணக்கர் என்று பின்னாளில் நாலு பணியிடமாகப் பிரிக்கப்பட்ட வேலையை ஒரு சித்தி செய்தார். ‘சித்தி’ என்றே நினைவிலும் நிற்கிறார். உறவுமுறை வந்ததும் பதவி மறைந்துவிட்டது.

சுப்புலட்சுமியின் வாழ்க்கையை விரிவாக எழுதிய மோனிகா ஃபெல்டனின் கதை இதற்குள் ஒரு கிளைக்கதை. இங்கிலாந்தில் ஸ்டீவனேஜ் என்ற புதிய நகரத்தைக் கட்டும் வாரியத்துக்குத் தலைவராக இருந்தவர் ஃபெல்டன். 1951இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, வட கொரியாவுக்குப் போய்வந்ததால் அந்தப் பதவியை இழந்தார். பிறகு சென்னைக்கு வந்து தங்கி, ராஜாஜியைப் பற்றி ஒரு நூலும், 1966இல் சுப்புலட்சுமியைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். கோப்பும் வரவு செலவும் வாரியக் கூட்டமும் தெரிந்த, அதே உலகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பெண், இன்னொரு நிர்வாகியின் வாழ்க்கையை எழுதுகிறார். நூலின் தலைப்பு ‘எ சைல்ட் விடோஸ் ஸ்டோரி’. குழந்தை விதவையின் கதை. அந்தத் தலைப்பில்தான் புத்தகம் விற்கும் என்று பதிப்பாளர் நினைத்திருக்கலாம், நியாயமும்தான். மானியக் கடிதங்களின் கதை என்று போட்டால் யார் வாங்குவார்கள்? ஆனாலும் ஒரு பெண் எண்பது வயதை எட்டும்போதும் அவளுக்குப் பதினோரு வயதை ஒட்டி நேர்ந்ததுதான் அட்டையில் ஏறுகிறது. அவள் நாற்பது வருஷம் நடத்திக்காட்டியது உள்ளே போய்விடுகிறது. ஐஸ் ஹவுஸுக்கும் இதே கதிதான். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டிய கட்டடம். 1897இல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கினார். விதவைப் பெண்கள் வருஷக்கணக்கில் அங்கே தங்கிப் படித்து, அங்கிருந்து மாகாணம் முழுக்க வேலைக்குப் போனார்கள். 1963 முதல் அது விவேகானந்தர் இல்லம். விருந்தாளியின் பெயர் தங்கியது. குடியிருந்தவர்களின் பெயர் வருகைப் பதிவேட்டோடு போயிற்று.

சேலத்துக்குத் திரும்பினால் கதை வேறு வகையில் கூர்மையாகிறது. 1950களில் சேலம் மாவட்டம் நாமக்கல்லையும் உள்ளடக்கி ஒசூர் வரை நீண்டிருந்தது. தருமபுரி 1965இல்தான் பிரிந்தது, நாமக்கல் 1997இல். அந்த ஒசூருக்கு சப் கலெக்டராக வந்தவர் அன்னா ராஜம் ஜார்ஜ், 1951ஆம் ஆண்டு அணி, சுதந்திர இந்தியாவின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அன்றைய முதல்வர், சேலம் நகராட்சித் தலைவராக இருந்து அரசியலுக்கு வந்த ராஜாஜி. பெண்ணை மாவட்டப் பொறுப்புக்கு அனுப்ப அவர் முதலில் தயங்கினார். செயலகத்தில் உட்காரவைக்கலாம் என்று நினைத்தார். அன்னா விடவில்லை. குதிரை ஏறவும் துப்பாக்கி பிடிக்கவும் பயின்றிருப்பதைச் சொல்லி ஒசூரை வாங்கினார். இதெல்லாம் அடிக்கடி சொல்லப்படுவது. அவ்வளவு சொல்லப்படாதது 1954ஆம் ஆண்டு ஐ.ஏ.எஸ். ஆளெடுப்பு விதிகளில் இருந்த ஒரு துணைவிதி: மணமான பெண்ணுக்கு இந்தப் பணியில் சேர உரிமை என்று எதுவும் இல்லை, சேர்ந்த பெண் பிறகு மணம் செய்தால், பணித் திறனுக்கு அவசியம் என்று அரசு கருதினால் விலகச் சொல்லலாம். அரசியல் சாசனத்தின் பதினாறாவது பிரிவு பாலினத்தால் பாகுபாடு கூடாது என்று சொல்லி நாலு வருஷம் கழித்து எழுதப்பட்ட விதி. அது நீக்கப்பட 1972 ஆயிற்று. சட்டம் ஒரு கட்டடத்தில் இருந்தது, சட்டத்தைத் தட்டச்சு செய்து சுற்றுக்கு விட்ட அலுவலகம் இன்னொரு கட்டடத்தில் இருந்தது. அந்த விதியின் நகல் எத்தனையோ அலுவலகங்களில் எத்தனையோ பெண் தட்டச்சர்களின் விரல் வழியாகவும் போயிருக்கும் என்ற எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால் எளிதில் போவதில்லை.

உச்சியில் ஒருவர் குதிரை ஏறியதைக் கதையாகச் சொல்வது சுலபம். அடிமட்டத்தில் என்ன நடந்தது? 1954க்குப் பிறகு காமராஜர் ஆட்சியில் பள்ளிகள் பெருகின. நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர். ஊருக்கு ஓராசிரியர் பள்ளியாவது வேண்டும் என்றால் ஊருக்கு ஓராசிரியர் வேண்டும். பயிற்சிப் பள்ளிகள் நிரம்பின. எட்டாவது முடித்தவர்களுக்கு ஹையர் கிரேடு, எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்களுக்கு செகண்டரி கிரேடு, பட்டதாரிகளுக்கு பி.டி. அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம், வருங்கால வைப்புநிதி, காப்பீடு மூன்றையும் சேர்த்துத் தரும் மூன்று நலத் திட்டத்தை 1955இல் சென்னை மாநிலம் கொண்டுவந்தது. வாத்தியார் வயதானால் மாணவர் வீட்டுப் படியேற வேண்டியிருந்த காலம் அதோடு முடிந்தது. கொண்டாட வேண்டிய விஷயம், கொண்டாடவும் செய்கிறோம். ஆனால் ஓய்வூதியம் என்பது மேடையில் அறிவிக்கப்படுவதோடு முடிவதில்லை. முப்பது வருஷத்துக்கு ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு பணிப்பதிவேடு எழுதப்பட வேண்டும். சேர்ந்த தேதி, முற்பகலா பிற்பகலா, விடுப்பு, ஊதிய உயர்வு, சம்பளமில்லா விடுப்பு, மறுபடி சேர்ந்த தேதி. ஒவ்வொரு பதிவின் எதிரிலும் ஒரு சுருக்கொப்பம். ஒரு பதிவு விட்டுப்போனால் இருபது வருஷம் கழித்துத் தணிக்கைக்காரர் கேட்பார். பதில் சொல்ல அப்போது யாரும் இருக்கமாட்டார்கள். சுந்தரவடிவேலு பின்னாளில் ‘நினைவு அலைகள்’ எழுதினார், பல பாகங்களாக. நிர்வாகமும் ஒரு வாழ்வனுபவம் என்பதற்குத் தமிழில் அந்த நூல் நல்ல சாட்சி.

பிறந்த தேதியை எடுத்துக்கொண்டால் போதும். மேச்சேரியைச் சுற்றிய ஊர்களில் அறுபது எழுபது வருஷத்துக்கு முன் பெண் பிள்ளையின் பிறந்த நாளை யார் குறித்துவைத்தார்கள்? ஆடு எப்போது குட்டி போட்டது என்பது தெரியும். மேச்சேரி ஆட்டுக்குச் சந்தையில் விலை உண்டு. ‘பத்ரகாளியம்மன் பண்டிகைக்கு முந்தி பொறந்தா’, ‘மேட்டூர் அணை நெறஞ்ச வருசம்’ என்பதுதான் கணக்கு. பள்ளியில் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. தலைமையாசிரியர் வசதியான ஒரு தேதியைப் போடுவார். ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் இந்த நாட்டில் இவ்வளவு பேர் இருப்பது அதனால்தான். அந்தக் கற்பனைத் தேதி பள்ளிப் பதிவேட்டிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்கும், அங்கிருந்து பயிற்சிப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டுக்கும் போகும். அங்கே ஓர் அலுவலகப் பெண் அதை இலக்கத்திலும் எழுத்திலும் எழுதி அடிக்கோடிடுவாள். அந்தக் கணத்தில் அது உண்மையாகிவிடும். பின்னால் பணிப்பதிவேட்டில் ஏறியதை மாற்றவேண்டுமானால் பணியில் சேர்ந்த ஐந்து வருஷத்துக்குள் கேட்க வேண்டும். ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு என்றிருந்த நாளில், கையின் நீளத்தை வைத்துப் போட்ட தேதி ஒருத்தியின் சம்பளத்தில் இரண்டு வருஷத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

அந்த மேசைகளின் வேலை உடம்புக்கும் வேலைதான், அதையும் சொல்ல வேண்டும். ஸ்டென்சில் தாளில் அடிக்கும்போது தட்டச்சுப் பொறியின் ரிப்பனை ஒதுக்கிவிட்டு வெறும் அச்சு விழவேண்டும். மெழுகு கிழியாமலும், எழுத்து விழாமல் போகாமலும் ஒரே அழுத்தம். தப்பு விழுந்தால் சிவப்புத் திரவத்தைத் தொட்டு வைத்து, வாயால் ஊதிக் காயவைத்து, மறுபடி அதே இடத்தில் அடிக்க வேண்டும். அந்த வாடை மூக்கில் ஏறும். சைக்ளோஸ்டைல் கைப்பிடியைச் சுற்றினால் ஈரக் காகிதம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும், முழங்கை வரை மை. 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்த பிறகு, யாழ்ப்பாணத்தில் பிறந்து மலேயா போன இரா. முத்தையா முப்பதுகளில் வடிவமைத்துத் தொடங்கிவைத்த தமிழ்த் தட்டச்சு மெல்ல மெல்ல அலுவலகங்களுக்குள் வந்தது. அதில் மெய்யெழுத்து அடிக்க முதலில் புள்ளி, பிறகு எழுத்து. புள்ளிக்கு வண்டி நகராது. வாய் சொல்லும் வரிசைக்கு எதிராகக் கை போக வேண்டும். ஆங்கிலத்தில் லோயர், ஹையர் தேறியவள் மறுபடி இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து, காலை ஆறு மணி பேட்ச்சில், விரல்களைப் புதிதாகப் பழக்கிக்கொண்டாள். அப்படிக் கற்றவர்களால்தான் அரசாங்கம் தமிழில் எழுதத் தொடங்கியது. ஆட்சிமொழி வரலாற்றில் அவர்களுக்கு அரைப் பக்கம் கொடுத்தாலும் தகும்.

இப்படிச் சொல்லிக்கொண்டே போகும்போது ஒரு சந்தேகம் வந்து குறுக்கே நிற்கிறது. கோப்பைப் புகழ்வது சரிதானா? அந்த மேசைக்கு முன்னால் நின்றவர்களைக் கேட்டால் வேறு கதை வரும். உபகாரச் சம்பளம் மூன்று மாதம் வராமல் விடுதிச் சாப்பாட்டுக் கட்டணத்துக்குத் தோட்டை அடகு வைத்தவள், ‘ஆபீஸ் அம்மா’வை மன்னித்திருக்கமாட்டாள். சாதிச் சான்றிதழில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று மேச்சேரிக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணுக்கு அன்றைய பஸ் காசு பெரிய காசு. தந்தை அல்லது கணவர் பெயர் என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் நின்ற கைவிடப்பட்டவளிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டவர்களும் உண்டு, வரிசை முழுக்கக் கேட்கும்படி கேட்டவர்களும் உண்டு. ஐஸ் ஹவுஸ் விடுதியே பிராமண விதவைகளுக்கென்று வரையறுக்கப்பட்டது. ஆசாரக் குடும்பங்கள் பெண்ணை அனுப்ப வேண்டுமானால் அந்த வேலி தேவை என்று சுப்புலட்சுமி கணக்குப் போட்டார். வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கு அந்தக் கணக்கால் என்ன பயன் என்பது வேறு கேள்வி. அவர் தெரிந்தே செய்த சமரசம் அது. நிர்வாகம் என்பது யாரை உள்ளே விடுவது என்பதோடு யாரை வெளியே நிறுத்துவது என்பதும்தான். இந்தப் பெண்களை வெறும் கருணைத் தெய்வங்களாக்கினால், அவர்களிடம் இருந்த அதிகாரத்தையும் சேர்த்துத்தான் மறைக்கிறோம். அதிகாரம் இருந்தது, சிறியது, வேறொருவர் கையெழுத்துக்கு அடியில் ஒளிந்திருந்தது. அதை நல்லபடி செலவழித்தவரும் கெட்டபடி செலவழித்தவரும் இருந்தார்கள், ஆண் எழுத்தர்களைப் போலவே. அந்தச் சமத்துவத்தையாவது கொடுத்துவிடலாம்.

அவர்களின் தடயம் அழிந்தது யாருடைய சூழ்ச்சியாலும் அல்ல, விதிப்படி. மாவட்ட அலுவலக நடைமுறை நூல் முடிந்த கோப்புகளை வகைபிரிக்கிறது: எல்.டிஸ். என்றால் ஒரு வருஷம், கே.டிஸ். மூன்று வருஷம், டி.டிஸ். பத்து வருஷம், ஆர்.டிஸ். நிரந்தரம். எந்தக் கோப்புக்கு எந்த ஆயுள் என்பதை முதலில் குறிப்பவர் எழுத்தர்தான். நடைமுறையில் மாணவியர் சேர்க்கைப் பதிவேடு நிலைத்து நின்றது. அலுவலகப் பணியாளரின் விடுப்பு விண்ணப்பம், பிரசவ விடுப்புக்கான கடிதம், ‘குழந்தைக்கு அம்மை, இன்று வர இயலாது’ என்று கிழித்த நோட்டுத் தாளில் எழுதியனுப்பியது எல்லாம் குறுகிய ஆயுள் கோப்புகள். ஒவ்வொரு வருஷமும் கட்டு பிரித்து, பட்டியல் போட்டு, ஒப்புதல் வாங்கி, எடைக்குப் போட்டார்கள். பட்டியலை எழுதியவளும் அவளே. மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொண்டது. பெண்களின் கடிதம், குரல், புகைப்படம் ஆகியவற்றைச் சேர்க்கவென்றே எழுத்தாளர் அம்பை 1988இல் மும்பையில் ஸ்பாரோ ஆவணக்காப்பகத்தைத் தொடங்கிய காரணம் இதைப் பார்த்தால் விளங்கும். ஆனால் அங்கேயும் எழுத்தாளர், பாடகி, போராளி, நடனக்காரர் போய்ச் சேர்வது எளிது. தனக்குச் சொல்ல ஏதும் இருப்பதாகவே நினைக்காத ஒரு தலைமை எழுத்தர் எதைக் கொண்டுபோய்க் கொடுப்பார்? சாவிக்கொத்தையா?

இப்போது பயிற்சிக் கல்லூரிகள் சேலத்திலிருந்து நாமக்கல் வரை நெடுஞ்சாலை ஓரங்களில் இருக்கின்றன. 2000களின் நடுவில் தமிழ்நாட்டில் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. நிலக்கடலைக் காட்டுக்கு நடுவே வளைவு வைத்த வாசலும் மூன்று மாடியும். பின்னர் வேலை கிடைக்காது என்று தெரிந்து சேர்க்கை சரிந்தது, பல மூடப்பட்டன. 2012 முதல் தகுதித் தேர்வும் வந்தது. பி.எட். முடித்து, தகுதித் தேர்வும் தேறி, நியமனத்துக்குக் காத்திருக்கும் பெண்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் ஏராளம்; அவர்களில் சிலர் வந்து உட்காரும் இடம் சுயநிதிக் கல்லூரியின் அலுவலக மேசை. ஒரு காலத்தில் ஆசிரியை ஆவதற்குச் சமூகம் தந்த அனுமதி அலுவலகத்துக்குக் கிடையாது. இப்போது ஆசிரியை ஆக முடியாதவள் அலுவலகத்தில் மிஞ்சுகிறாள். சேர்க்கை விண்ணப்பம், கட்டண ரசீது, பல்கலைக்கழகத்துக்கு இணையவழிப் பதிவேற்றம், ஆய்வுக் குழு வரும் நாளில் ஐந்து வருஷத்துக் கோப்பை மேசையில் அடுக்குவது என்று எல்லாம் அவள் செய்கிறாள். மாலையில் கல்லூரிப் பேருந்தின் முன்வரிசையில் உட்கார்ந்து மேச்சேரி நிறுத்தத்தில் இறங்கும்போது, அவளுக்குத் தெரிந்த பயிற்சி மாணவிகளும் கூடவே இறங்குகிறார்கள். ‘மேடம், என்னோட டி.சி. எப்ப வரும்?’ என்று கேட்கிறார்கள். அரசு அலுவலகத்துக்குக் கணினியில் பணிப்பதிவேடு வந்துவிட்டது; அறுபதுகளின் பயிற்சிப் பள்ளி எழுத்தருக்கும் தன் பெயரில் ஒரு பதிவேடு இருந்தது, அதன் கடைசியில் ஓய்வூதியம் இருந்தது. இவளுக்கு இருப்பது வருகைப் பதிவேட்டில் ஒரு வரி, மாதம் முடிந்ததும் வேறு வரி. மாணவிகளின் மாற்றுச் சான்றிதழில் சரிபார்த்தவர் என்ற இடத்தில் அவள்தான் சுருக்கொப்பம் போடுகிறாள். சில கல்லூரிகள் அச்சிடும் புதிய படிவத்தில் அந்த இடம் எடுக்கப்பட்டுவிட்டது.